கூலிக்கும் தலைவிதியா?

விலையும் கூலியும் தாமாகவே அமைகின்றன. அதில் கைவைப்பது அறியாமை என்று அறிவுரை கூறுவோர் இன்றும் உளர். "அவன் எழுதியபடி நடக்கும்" என்பாரை நோக்கி, எந்த ஏட்டில் எழுதினான் என்று கேட்கத் தெரிந்த நாம், "சந்தை விதித்தபடி நடக்கும்" என்பாரை மட்டும் கேள்வி கேளாமல் விடலாமா?

கல்லூரியில் நான் பொருளியல் பயின்றபோது கரும்பலகையில் இரு கோடுகள் வரைந்தார்கள். ஒன்று தேவை, மற்றொன்று வரத்து, இரண்டும் வெட்டும் புள்ளியே விலை. கத்தரிக்காய்க்கும் அதே படம். கழனியில் குனிந்து நிற்பவளின் கூலிக்கும் அதே படம்! விற்காத கத்தரிக்காய் அழுகும். ஆனால் அதற்குப் பசிக்காது. அதன் பிள்ளை பட்டினி கிடக்காது. இந்த வேறுபாடு படத்தில் எங்கே இருக்கிறது?

பண்டத்தின் விலையைப் பற்றியே அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும், ஒளி காட்டும் வைரம் அருமையாகவும் இருப்பதேன் என்ற புதிரை 1776இல் ஆடம் சுமித் எழுப்பினார். உழைப்பே மதிப்பின் அடிப்படை என்று 1817இல் ரிக்கார்டோ வாதிட்டார். இல்லை, கடைசியாகக் கிடைக்கும் அளவின் பயனே மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று 1871இல் செவான்சும் மெங்கரும் எழுதினர். தாளை வெட்டுவது கத்தரிக்கோலின் மேல் அலகா, கீழ் அலகா என்று கேட்பது போன்றது இந்த வழக்கு என்று 1890இல் மார்சல் சமரசம் சொன்னார்.

கூலி வழக்கோ அத்தனை எளிதில் தீரவில்லை. கூலிக்கென ஒதுங்கும் தொகை இவ்வளவுதான். ஒரு தொழிலாளி கூடுதலாகப் பெற்றால் மற்றொருவனுக்குக் குறையும். ஆகவே சங்கம் வீண் என்றது 'கூலி நிதி'க் கொள்கை. 1848இல் அதைத் தம் நூலில் ஏற்றிருந்த சான் சுடூவர்ட் மில், தார்ன்ட்டனின் மறுப்பைப் படித்தபின் 1869இல் அதைக் கைவிட்டார். இயற்கைச் சட்டம் என்று எண்ணப்பட்டது இருபத்தொரே ஆண்டில் இற்று வீழ்ந்தது!

கூலி உயர்ந்தால் விலையும் உயர்ந்து அதை விழுங்கிவிடும் என்றார், 1865இல் இலண்டனில் கூடிய அகிலத் தொழிலாளர் சங்கப் பொதுக்குழுவில் வெசுட்டன் என்பார். அதே குழுவில் மார்க்சு விடை அளித்தார்: உயரும் கூலி முதலில் தொடுவது இலாபத்தை, இலாபத்துக்கும் கூலிக்கும் இடையே எல்லை வகுப்பது இரு தரப்பின் வலிமையே என்றார்.

வலிமை என்றதும் எனக்கு என் தாய் நினைவுக்கு வருகிறாள். நாற்று நட்டு என்னை வளர்த்தவள் அவள். எந்த நிலத்தில் குனிந்தாலும் ஊர் முழுதும் கூலி ஒன்றே. ஒரு காசு கூடாது. போட்டி எங்கே போயிற்று? முதலாளிகள் கூலியை உயர்த்துவதில்லை என்று எங்கும் எப்போதும் ஓசையின்றி ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று எழுதியவர் வேறு யாருமல்லர். சந்தைக்குச் சான்றாகக் காட்டப்படும் அதே சுமித்! உழைப்பை வாங்குவோர் சிலரே எனில், கூலி உரிய அளவுக்குக் கீழே நிற்கும் என்பதை 1933இல் சோன் இராபின்சன் அம்மையார் விளக்கினார்.

ஏட்டில் இருந்ததை நாட்டில் சோதித்தார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இருபுறமும் 410 துரித உணவகங்களைக் கார்டு, குரூகர் எனும் இருவர் ஆராய்ந்தனர். உணவின் விலை ஓரளவு ஏறியது. வேலை குறைந்ததற்கோ சான்றில்லை என்று 1994இல் வெளியிட்டனர். மறுப்புகள் எழுந்தன, வழக்கு இன்னும் நடக்கிறது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

கூலியை வானளவு உயர்த்தலாம் என்பதன்று என் வாதம். எந்த அளவில் தீங்கு தொடங்கும் என்பது எண்ணிப் பார்த்து அறியவேண்டிய செய்தி. அச்சுறுத்தி முடிக்கவேண்டிய செய்தியன்று. ஆகவே, இளைஞர்களே, "கட்டுப்படியாகாது" என்று எவர் சொன்னாலும் பணிவோடு, ஆனால் அழுத்தமாகக் கேளுங்கள்: "ஐயா, கணக்கேட்டைக் காட்டுங்கள்!"