இடது கார்னர்

பொங்கல் வந்தால் உத்திரமேரூர் பக்கம் ஊருக்கு ஊர் கபடிப் போட்டிதான். டியூப்லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம். நான் இடது கார்னர். பாடி வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன்; கண் முழுக்க அவர் பாதத்தில் இருக்கும். போனஸ் கோட்டைத் தாண்ட அவர் காலை நீட்டும் நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பாயிண்ட் போச்சு. பிடி விழுந்ததும் மற்ற ஆறு பேரும் வந்து அமுக்குவார்கள். முழங்கையில் தோல் உரிந்தது குளிக்கும்போதுதான் தெரியும்.

முழங்கால் ஜவ்வு கிழிந்தது, ஒரகடத்தில் ஷிப்ட் வேலையும் வந்தது, ஆட்டத்தை விட்டேன். ஆசை விடவில்லை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பிடித்த கபடி, 2014-ல் புரோ கபடி, 2017-ல் தமிழ் தலைவாஸ் என வளர்ந்ததைப் பார்க்கையில் பெருமையாக இருக்கிறது.

30 நொடிக்குள் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பும் துணிச்சலும், பக்கத்தில் கைகோத்து நிற்பவனை நம்பும் மனசும் எனக்குக் கபடி கொடுத்தவை. வேலையில் நெருக்கடி வந்தால் இன்றும் அவைதான் கைகொடுக்கின்றன.

உங்கள் பிள்ளை உடம்பெல்லாம் மண்ணோடு வீடு திரும்பினால் திட்டாதீர்கள். நன்றாக ஆடட்டும்.