பின்சீல் இல்லாத எஞ்சின்

வண்டியை நிறுத்திய பிறகு அரை மணி நேரம்தான் ஒழுகும். அப்புறம் நின்றுவிடும். என் 1984 மாடல் பெட்ரோல் அம்பாசடரில் முதலில் எனக்கு உறுத்தியது இதுதான். ஆயில் சேம்பரின் பேக்கிங்கோ வடிகால் போல்ட்டோ போயிருந்தால் ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கும். இதுவோ திண்டிவனம் போய்த் திரும்பினால் கீழே விரித்த அட்டை ஊறும் அளவுக்குக் கொட்டும். தெருமுனைக் கடைவரை போய்வந்தால் இரண்டு சொட்டோடு சரி. ஆக, எஞ்சின் ஓடும்போது எங்கிருந்தோ தள்ளப்பட்டு வெளியே வந்து தேங்கும் எண்ணெய்தான், நின்றதும் வடிகிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனாலே கேஜ் கம்பியில் மட்டம் இறங்கியது. சும்மா விடக்கூடிய கசிவு இல்லை.

ஷெட்டில் காட்டினேன். மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, "பெல் ஹவுசிங்ல வருது சார். கியர்பாக்ஸை இறக்கி பின்சீலை மாத்திடலாம்" என்றார். கியர்பாக்ஸை இறக்குவது சின்ன வேலையா? எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கிளம்புகிறது என்று எந்தச் சட்டமும் இல்லை. வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று எல்லாவற்றையும் பின்னால் தள்ளும். எஞ்சினின் முன்பக்கம் கசிந்தாலும் கடைசியில் பெல் ஹவுசிங்கில் வந்துதான் தொங்கும்.

முதலில் கழுவினோம். டீசலும் பிரஷ்ஷுமாகத் தேய்த்து, தண்ணீர் அடித்து, வெயிலில் காயவைத்து, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் டால்கம் பவுடரைத் தூவினோம். இந்த வைத்தியத்தை நான் மதிக்கிறேன். காசில்லாத சோதனை, பொய் சொல்லாது. எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது வால்வு கவரைச் சுற்றி வெள்ளை அப்படியே இருந்தது. ஆயில் ஃபில்டர் கிண்ணத்திலும் ஈரம் இல்லை. அதன் மேலே ரப்பர் வளையம் ஒன்று பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பழையதை எடுக்காமல் புதியதை அதன் மேலேயே வைத்துப் பூட்டி, எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கவிட்ட வண்டிகள் ஏராளம். இடதுபுறம் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டேப்பெட் கவர்களில் பின்னது மட்டும் லேசாக நனைந்திருந்தது. கார்க் பேக்கிங் காய்ந்து போயிருக்கும். ஆனால் அந்த ஈரம் அட்டையை ஊறவைக்கிற ஈரம் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரு கேள்வி: பெல் ஹவுசிங்குக்குள் இருப்பது எஞ்சின் எண்ணெயா, கியர்பாக்ஸ் எண்ணெயா? எஞ்சினில் ஒளிரும் சாயம் கொஞ்சம் ஊற்றி, ஓட்டி வந்து, இருட்டியதும் புற ஊதா விளக்கை அடித்தோம். அடியிலிருக்கும் ஓட்டையின் விளிம்பில் தொங்கிய சொட்டு பச்சையும் மஞ்சளுமாக மின்னியது. எஞ்சின் எண்ணெய்தான்.

சரி, சீலை வாங்கலாம் என்று சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முன்சீல் தர்றேன். இந்த எஞ்சினுக்குப் பின்சீலே கிடையாது தம்பி."

நம்பாமல் புதுப்பேட்டைக்கு நடந்தேன். பிரித்துப் போட்ட எஞ்சின்களுக்கு நடுவே கிடந்த கிராங்க் ஒன்றின் பின்முனையைத் துணியால் துடைத்து விரலால் தடவினேன். ஃப்ளைவீல் உட்காரும் விளிம்புக்குச் சற்று முன்னால், நகத்தில் தட்டுகிற ஆழத்தில், போல்ட் மரை மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு வரி. சீல் என்பதே அதுதான். கிராங்க் சுழலும்போது அந்த மரை, தன்மேல் ஏறிய எண்ணெயைத் திருகித் திருகி உள்ளேயே தள்ளிவிடும். ரப்பர் இல்லை, உரசல் இல்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் மட்டம் அதற்குக் கீழே இருப்பதால் தடுக்க எதுவும் இல்லை.

இது உத்தர்பாராவில் போட்ட திட்டம் அல்ல. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸைச் சேர்ந்தது. 1955-இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பம்தான். கிராங்க்கை மூன்று மெயின் பேரிங் தாங்கும், பின்முனையில் மரை. அதே வரிசையில் எம்ஜிபி காருக்கு 1964-இன் பிற்பகுதியில் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தபோதுதான் உதடு வைத்த ரப்பர் சீலைக் கொடுத்தார்கள். நமக்கு வந்ததோ மூன்று பேரிங். பல வருஷம் அதையே ஓட்டினோம். அம்பாசடர் என்றால் சொட்டும் என்று வீட்டுக்கு வீடு ஏற்றுக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் மரை நேற்று முளைத்தது அல்லவே. இத்தனை வருஷம் சொட்டிய வண்டி இப்போது ஏன் கொட்டுகிறது? மரைக்கும் அதைச் சூழ்ந்த கூட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் உண்டு. பின் மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் தொங்கினால் அந்த இடைவெளி கெடும். இல்லாவிட்டால், உள்ளேயிருந்து காற்று தள்ள வேண்டும். தள்ளுகிற காற்றை எதிர்த்து மரையால் எதுவும் செய்ய முடியாது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் மெக்கானிக்கே சொல்லிவிட்டார்: "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார்." குப்குப்பென்று புகை. கம்ப்ரஷன் கேஜில் மூன்று சிலிண்டர்கள் 125 பவுண்டை ஒட்டி நின்றன. மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 95. அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்தால் முள் ஏறியது. வால்வு அல்ல, ரிங். ரிங்கைத் தாண்டி இறங்குகிற காற்று வெளியேற, முன் டேப்பெட் கவரிலிருந்து கீழ்நோக்கி ஒரு குழாய் உண்டு. அதைக் கழற்றி ஊதினேன், ஊத முடியவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தபோது கருப்புக் களிம்பு துண்டு துண்டாக விழுந்தது. போக வேறு வழியில்லாத காற்று மரை வழியே எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

குழாயைச் சுத்தம் செய்து, பின் டேப்பெட் கவருக்குப் புது கார்க் போட்டோம். ஒழுகுகிறதே என்று மேல் கோட்டையும் தாண்டி ஊற்றிவைக்கும் வழக்கத்தை நிறுத்தி, மட்டத்தை இரண்டு கோடுகளுக்கு நடுவே வைத்தேன். அடுத்த திண்டிவனப் பயணத்துக்குப் பிறகு அட்டையில் நாலைந்து சொட்டு. மரையைச் சாணை பிடித்து எடுத்துவிட்டு ரப்பர் சீல் பொருத்தும் செட்டுகள் இங்கிலாந்தில் பழைய எம்ஜி வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ரிங் மாற்ற எஞ்சினை இறக்கும்போது பின் மெயின் பேரிங்கையும் அளந்து பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதுவரைக்கும், ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்தக் குழாயையும் கழற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறார்.