எலஹங்காவின் ஒற்றை இருக்கை

ஒசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது முதல், இப்பக்கம் எங்கும் ஓடுபாதைப் பேச்சுதான். எங்கள் நினைவோ பெங்களூருக்கு அப்பால், வடக்கே எலஹங்காவுக்குச் செல்கிறது.

1944இல் பர்மாப் போர்முனைக்காக, பிரித்தானிய விமானிகள் ஹரிக்கேனை விட்டுத் தண்டர்போல்ட்டுக்கு மாறப் பயின்ற களம் அது. ஏறத்தாழ இருமடங்கு எடை கொண்ட அமெரிக்க விமானம், இருக்கையோ ஒன்றே. ஆசான் தரையில் நின்று சொல்லித்தரலாம், உடன் பறக்க இயலாது. முதல் பறத்தலே தனிப் பறத்தல்.

பயிற்சியில் மாண்டவனைப் போர்க்கதைகள் பேசுவதில்லை. பகைவனையே காணாதவன் அல்லவா! தென்னிந்திய இடுகாடுகள் பலவற்றிலிருந்து படைவீரர்களின் எச்சங்களைக் கொணர்ந்து சேர்த்த இடம், சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறை. 850க்கும் மேற்பட்ட கற்கள். பெயர், பதவி, பிரிவு, நாள் உண்டு. எவ்வாறு இறந்தான் என்பது இல்லை.