பரிவட்டம் யாருக்கு?

திண்டுக்கல் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். பொண்ணு மாப்பிள்ளை பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பக்கத்து உறவும் வரிசை கட்டி நிற்கும். மிராசுதார், பண்ணையார், ஜமீன் குடும்பம், கர்ணம் வகையறா. சமீபத்தில் வந்த ஒன்றில் ‘மணியகாரர்’ என்று போட்டிருந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மணியகாரர் வேலையை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்ததோ 1980 நவம்பரில்.

அந்த வேலை ஒரே நாளில் போகவில்லை. தாத்தா மணியம், அப்பா மணியம், அடுத்து பிள்ளை மணியம் என்று வாரிசுக்கே கொடுக்க வகை செய்தது சென்னை மாகாணத்தின் 1895ஆம் ஆண்டுச் சட்டம். ஆந்திராவில் ஒரு கிராம முன்சீப் வேலைக்காக எழுந்த வழக்கில், பிறப்பை வைத்து அரசுப் பதவி கொடுக்கக் கூடாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1968இல் நம் சட்டமன்றமும் அந்தப் பழைய சட்டத்தை ரத்து செய்தது. கடைசியில் பதவியே போய், தேர்வு எழுதி வரும் வி.ஏ.ஓ.க்கள் சிட்டாவையும் அடங்கலையும் வாங்கிக்கொண்டார்கள். தீர்வை வசூலிக்கும் தொல்லையெல்லாம் அரசுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு மிஞ்சியது பெயர் மட்டும். தொல்லையில்லாத பாகம் அதுதானே, யார் விடுவார்கள்?

வேலை போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியதற்கு இந்தப் பக்கத்தில் முன்மாதிரிகள் உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினியின் கைக்கு வந்தபோது இங்கே பாளையங்கள் நிறைய. எதிர்த்து நின்ற விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கில் தொங்கினார். கோபாலசமுத்திரக் கரையில்தான் என்று ஊரில் சொல்வார்கள். கன்னிவாடி, ஆயக்குடி, அம்மையநாயக்கனூர் எல்லாம் ஜமீன்களாக நீடித்தன. தம்பிகள் பங்கு கேட்டுச் சிதறடித்துவிடாதபடி, பெரிய ஜமீன்களை ஒரே வாரிசின் கையில் நிறுத்த 1904இல் ஒரு சட்டமே வந்தது. 1948இல் இன்னொரு சட்டம் வந்து ஜமீனையே ஒழித்தது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம்கூட இன்று கொடைக்கானல் ரோடு. ஆனால் ‘ஜமீன்’ என்ற சொல்லை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை. சுதந்திர இந்தியாவில் அரசு பட்டம் வழங்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு. அரசு வழங்கவில்லைதான், பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் வழங்குகிறது.

இங்கிலாந்தில் ஒருவர் இதற்கு நேர்மாறாக மல்லுக்கட்டினார். டோனி பென் என்ற தொழிற்கட்சிக்காரர். 1960இல் அப்பா இறந்ததும் பிரபுப் பட்டம் தானாக இவர் தலையில் வந்து விழுந்தது. பிரபு ஆனவர் மக்கள் அவையில் உட்கார முடியாது, எம்.பி. பதவி போயிற்று. எனக்கு வேண்டாம் என்றாலும் விடமாட்டேன் என்றது பட்டம். 1963இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்த பிறகுதான் உதற முடிந்தது.

வேண்டாம் என்று சொன்னவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்ட 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டிக்காரர், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜார் அவர் பெயரால் வந்ததுதான். வால் போனாலும் முன்னால் மூன்று எழுத்துகள் இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். இனிஷியலை உதறச் சொல்லி எந்த மாநாடும் கூடவில்லை. அது அப்பன் வழிச் சொத்து. இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சம்பாதித்த பட்டமும் ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. 1957இல் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் தொடங்கிய நாகசாமி நாயுடு தலைப்பாகையோடு கல்லாவில் இருப்பார். சாப்பிட வந்தவர்களே ‘தலப்பாக்கட்டி’ என்று வைத்தார்கள். எந்த ராஜாவும் கட்டிவிடாத அந்தத் தலைப்பாகையின் பெயருக்காக உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஜமீன் பட்டத்துக்காக இன்று யாரும் அவ்வளவு செலவு செய்வார்களா என்பது சந்தேகம்தான். சீரகச் சம்பாவுக்கு வருமானம் உண்டு.

வருமானமில்லாத பட்டத்துக்குப் பத்திரிகையை விட்டால் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் கோயில். எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் பெரிய வீட்டுக்கு. அதாவது பரிவட்டம், மாலை, திருநீறு. நிலத்தின் கதை வேறு. அதில் பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தபோது, அதற்குள் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005இல் மத்திய சட்டம் அந்த வேலியையும் பிடுங்கியது. என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் 1989க்கு அப்புறம்தான். கிணற்றை ஒட்டிய தோட்டத்தில் பாதி அவள் பெயரில் பட்டாவாகியிருக்கிறது. கூட இருந்து விவசாயம் பார்ப்பதும் அவள்தான். பரிவட்டம் மட்டும் அவள் அண்ணன் மகனுக்கு. பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்.

போன தடவை திருவிழா வரிக் கூட்டத்தில், பெங்களூர்த் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லையாம், சாமி சாட்டுதலை ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று பேச்சு வந்தது. அவள் எழுந்து, “ஏப்பா, தலைக்கட்டு வரி நான் கட்டுறேன். பந்தலுக்குக் கம்பு என் தோட்டத்துல வெட்டுறீங்க. தலையில கட்டுற துணி மட்டும் எதுக்குப் பெங்களூருல இருந்து வரணும்?” என்றாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பூசாரி, பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டி வழக்கமில்லையே ஆத்தா என்று இழுத்தார். வழக்கம் என்றால் எத்தனை வருசம் ஆகியிருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அடுத்த கூட்டம் போட்டிருக்கிறார்கள்.