அம்மாவும் ஒரு மாணவி

சென்ற ஆண்டு ஜூன் மாதம் வடக்கன்குளத்திலிருந்து தாம்பரத்திற்குக் குடிவந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த அம்மா, பி.எட். படிப்பதற்காக விடுப்பு எடுத்திருந்தார்கள். அப்பா பாட்டியுடன் ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

புதிய வகுப்பில், "உன் அம்மா என்ன செய்கிறார்கள்?" என்று தோழிகள் கேட்டபோது, "படிக்கிறார்கள்" என்று சொல்ல வெட்கப்பட்டு, "டீச்சர்" என்றேன்.

ஒருநாள் இரவு, "இந்த வயதில் உங்களுக்கு எதற்கம்மா படிப்பு?" என்று கேட்டேவிட்டேன். அம்மா கோபிக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளியில் கற்பித்த தனிநாயகம் அடிகளாரின் கதையைச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்த அடிகளார், உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற குரு. வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை ஆழ்ந்து கற்க விரும்பினார். முப்பது வயதைக் கடந்தபின், 1945-இல் சிதம்பரம் சென்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராய்ச் சேர்ந்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்றவர் அவரே.

"பட்டம் பெற்றவரே மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கென்ன வெட்கம்?" என்றார்கள் அம்மா. வெட்கம் எனக்குத்தான் வந்தது.

மறுநாள் தோழிகளிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது ஒரே மேசையில் இருவரும் தேர்வுக்குப் படிக்கிறோம். முதலில் தூங்கிவிடுபவள் மட்டும் நான்தான்!