சுவர் வளர்த்த ஆல்

தட்டமொன்றில் மரத்தைச் சிற்றுருவாக வளர்க்கும் பொன்சாய்க் கலை சீனத்தில் வேர்கொண்டு யப்பானில் முதிர்ந்தது. நாற்றுமேடைக் கன்றைவிட, மலைச்சாரலிலே காற்றுக்கும் கல்லுக்கும் ஈடுகொடுத்து வளைந்த மரத்தையே அக்கலையினர் பெரிதும் விரும்புவர். அவ்வாறு தோண்டியெடுத்தலை 'யமாடோரி' என்பர். மலையினின்று கொள்ளுதல் என்பது பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை ஏது? இடிந்த சுவர்கள் உண்டு.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த எமது குடும்பம் அங்கே மீண்டும் காலடி வைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கூரையும் நிலைகளும் போய்விட்டன. எஞ்சிய குசினிச் சுவரின் வெடிப்பில் ஆலங்கன்று ஒன்று நின்றது. பறவை எச்சத்தோடு விழுந்த விதை சாந்தின் ஈரத்தைப் பற்றி முளைத்து, நிலத்தை நாடி வேர் இறக்கிச் சுவரைப் பிளந்திருந்தது. புதுச்சுவர் எழுப்புவதற்காக அதனை இடித்தபோது, மேசன் அலவாங்கால் கற்களை நெம்ப, நான் கன்றை வாங்கிக்கொண்டேன்.

"வீட்டைப் பிளந்த மரத்தையே வளக்கப் போறாய்?" என்றார் ஐயா.

ஆல் பொறுமையான மரம். குளிர்நாட்டுப் பேர்ச்சு மரத்தை மலையினின்று எடுத்துத் திருத்துவோர் கத்தியை அஞ்சியே எடுப்பர். இளவேனிற் தொடக்கத்தில் வெட்டினால் சாறு நில்லாது வடியும். பெருங்காயம் எளிதில் ஆறாது, உளுத்துவிடும். ஆலோ பால் வடித்து, அது உலர்ந்ததும், காயத்தைச் சுற்றிப் பட்டை புரண்டு மூடிக்கொள்ளும். தண்டை அரைவாசியாக்கினேன், வேரிலும் பெரும்பகுதியைக் கழித்தேன், சில கிழமைகளிலே தளிர்த்தது. கிளைக்குச் சுற்றிய கம்பியை அடிக்கடி பார்த்தல் வேண்டும். விரைந்து பருக்கும் மரமாதலால் கம்பி பட்டையைக் கடித்துவிடும். நன்கு தேறியபின் இலைகளை முழுவதும் கொய்தால், அடுத்துவரும் இலை சிறுக்கும்.

இவையெல்லாம் கைப்பழக்கம். சிக்கல் வேரிலே இருந்தது. அடிவேர் நாற்றிசையும் பரவுதல் வேண்டும் என்பது விதி. இதன் வேரோ கற்களுக்கிடையே நசுங்கி, நாடாபோலத் தட்டையாய் ஒருபக்கமே ஓடிற்று. நுனியில் ஒரு துண்டுச் சாந்தையும் கவ்விக்கொண்டிருந்தது. விதிப்படி அதனைக் கழித்தெறிய வேண்டும்.

கத்தியை வைக்குமுன் ஒரு மரத்தை நினைத்தேன். 1945இல் இரோசிமாவில் அணுக்குண்டு விழுந்தபோது, யமாக்கி குடும்பத்தினரின் பைன் மரமொன்று தோட்டச் சுவரின் மறைவிலே தப்பியது. 1625 தொட்டுப் பேணப்பட்ட மரம் அது. 1976இல் குண்டு போட்ட நாட்டுக்கே அன்பளிப்பாயிற்று. இன்றும் வாஷிங்டனில் உள்ளது. ஆயினும் 2001இல் அக்குடும்பத்துப் பேரர்கள் சென்று சொல்லும் வரை அதன் கதையை அங்கே எவரும் அறியார். கால் நூற்றாண்டாக அதன் அழகை மட்டுமே பார்த்திருந்தனர். அவர்களைக் குறைகூற இயலாது. நன்கு பேணப்பட்ட மரம் தன் தழும்பைக் காட்டுவதில்லை. எனக்கு அத்தகைய நேர்த்தி வேண்டியிருக்கவில்லை. 'போராடிய அழகு' என்று வியந்து, எதனோடு போராடியது என்பதைக் கத்தரித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. வேரை அப்படியே மண்ணுக்கு மேலே தெரிய வைத்து நட்டேன். பார்வைக்குக் கோணல்தான்.

தட்டத்தைத் திண்ணையில் வைத்தபோது ஐயா குனிந்து, வேர் கவ்வியிருந்ததை விரலாற் சுரண்டிப் பார்த்தார். பழைய சுவரில் வேறெதுவும் மிஞ்சவில்லை.

"உது அப்பு குழைச்ச சாந்து," என்றார். "கிடக்கட்டும்."