சுருட்டு நறுக்கும் கத்தி

சுருட்டின் வாயை வெட்டித் திறக்கும் பொறுப்பு அதைப் புகைப்பவனுடையதா, சுற்றிக் கொடுப்பவனுடையதா என்ற விஷயத்தில் கியூபா தேசமும் யாழ்ப்பாணமும் வெவ்வேறு வழிகளைக் கைக்கொண்டன. ஹவானா நகரத்துச் சுருட்டு, வாய்வைக்கும் முனையிலே சிறியதோர் இலைத்துண்டினால் மூடி ஒட்டப்பட்டே கடைக்கு வருகின்றது. வாங்கியவன் அந்த மூடியை அறுத்தாலன்றி ஒரு மிடறு புகையும் இழுக்க முடியாது. இதனால் அங்கே புகைப்பவனுக்கென்றே ஒரு கருவிக் கூட்டம் தோன்றிவிட்டது: ஒருபுறமிருந்து மட்டும் தள்ளி அறுக்கும் ஒற்றையலகுக் கருவி, இருபுறமிருந்தும் நெருங்கி அறுக்கும் இரட்டையலகுக் கருவி, ஆப்பு வடிவமாகப் பள்ளம் எடுப்பது, வட்டமாகத் துளையிடுவது, வளைந்த வாயுள்ள கத்தரிக்கோல் என்று பலவிதம். எதை எடுத்தாலும் மூடி முடிகிற கோட்டுக்கு மேலேதான் வெட்டவேண்டும், கீழே இறங்கினால் மேலிலை கழன்றுபோகும் என்பது அவர்களுடைய முதற் சூத்திரம்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் புகைப்பவருக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை. இருமுனையும் நறுக்கித் திறந்த சுருட்டானால் நேரே நெருப்பு வைக்கவேண்டியதுதான். முனை ஒடுங்கி மூடியிருந்தால் பல்லினாற் கடித்துத் துப்பிவிடலாம், பல் போனவர்கள் நகத்தினாற் கிள்ளிக்கொள்ளலாம். ஆனால் வெட்டு என்னும் காரியம் அதனால் இல்லாமற்போகவில்லை. அது சுருட்டுக் கொட்டிலுக்குள்ளே, கூலிக்குச் சுற்றுகிறவருடைய பலகைக்கு இடம் மாறியிருக்கின்றது. சுருட்டுப் பழக்கமே இல்லாத நான் கொக்குவிலிலே ஒரு கொட்டிலைத் தேடிப் போனதற்குக் காரணம் அந்தப் பலகையைப் பார்க்கவேண்டுமென்ற ஆசைதான். ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மறந்து விட்டுப்போன இரட்டையலகுக் கருவியொன்றும் என் சட்டைப்பையிலே இருந்தது.

காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், முன்பு பனையோலை வேய்ந்திருந்து இப்போது தகரம் போட்ட கொட்டில் அது. வாசலை அணுகுமுன்பே புகையிலையின் காரம் மூக்கிற் புகுந்து தும்மலை வரவழைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது காற்றைப்போலப் பழகிவிட்டது. எனினும் அவர்களில் இருவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்ததையும் கவனியாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொருவர் முன்னும் ஒரு பலகை, சிரட்டையிலே மாப்பசை, ஒரு கத்தி அல்லது கத்தரிக்கோல், ஈரச் சாக்கினால் மூடிய இலை. இவ்வளவுதான் அந்தத் தொழிலின் ஆயுதங்கள்.

அந்த இலை இங்கே வந்துசேருமுன் அடைந்த பரிபாகமே ஒரு தனிக் கதை. கிணற்று நீரை இறைத்து இறைத்துப் பாய்ச்சி, மாட்டெருவும் பசுந்தாளும் தாழ்த்த நிலத்திலே வளர்ந்து, வெட்டியபின் புகைக்குடிலிலே தூக்கப்பட்டு, தேங்காய்ப் பொச்சும் பனை ஊமலும் புகையப் புகையக் கறுத்து, மணமேறி வருகின்ற இலை அது. ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிப் பேர்பெற்றது. கனத்த, பிசின் மிகுந்த இந்த இலையைச் சில ரகங்களுக்குக் கோடா என்னும் திரவத்திலும் தோய்த்தெடுக்கிறார்கள். பிசினும் ஈரமும் சேர்ந்த இலையை அறுப்பதென்றால் எவ்வளவு தீட்டிய அலகும் சிறிது நேரத்திற் களிம்பேறிவிடும். பக்கத்திலிருந்த நனைந்த துணியில் எல்லோரும் அடிக்கடி கத்தியை வழித்துக்கொண்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

கொட்டிலில் மூத்தவர் கத்திக்காரர். நடுநரம்பு நீக்கிய இலையைப் பலகையில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, கத்தியின் நுனியைச் சாய்வாக ஓட்டி நீண்ட நாடாவாக எடுத்தார். உள்ளே வைக்கவேண்டிய தூளையும் துண்டிலையையும் கைக்கணக்கிலேயே அள்ளித் திரட்டி, நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்த்துச் சுற்றி, கடைசி விளிம்பிற் பசை தொட்டு ஒட்டினார். பின்பு செய்ததுதான் நான் பார்க்க வந்த காரியம். சுருட்டைப் பலகையிற் கீறியிருந்த கோட்டுக்கு நேரே கிடத்தி, கத்தியை அதன்மேல் வைத்து அழுத்தாமல், இடக்கையால் சுருட்டை உருட்டினார். உருள உருள அலகு முதலில் மேலிலையைச் சுற்றிவர அறுத்தது; அதன்பின் ஒரு சிறு அழுத்தம்; முனை வட்டம் குலையாமல் விழுந்தது. விழுந்த துண்டு வீணாகவில்லை, அடுத்த சுருட்டின் வயிற்றுக்குள் போயிற்று.

பக்கத்திலிருந்த இளையவரோ கத்தரிக்கோலை வைத்து ஒரே நறுக்கில் வேலையை முடித்தார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுக்கிற தொழிலிலே, உருட்டி அறுக்கிற நேரம் நட்டமல்லவா என்பது அவர் கட்சி. அது நியாயமான கட்சிதான். ஆனால் அவர் நறுக்கிய முனைகளை எடுத்துப் பார்த்தபோது, வட்டமாயிருக்கவேண்டிய வாய் சற்றே நசுங்கி நீண்டிருந்தது. நசுங்கிய வாயில் புகை இலேசாக வராது. மூத்தவரிடம், “ஐயா, எது நல்லது, கத்தியோ கத்தரிக்கோலோ?” என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே மறுமொழி சொன்னார்:

“கத்தியிலை என்ன கிடக்குது தம்பி? எல்லாம் இலையின்ரை பதத்திலைதான் கிடக்குது. காய்ஞ்சுபோனால் எதாலை வெட்டினாலும் உதிரும். ஈரம் கூடினால் எதாலை வெட்டினாலும் நசியும். அவன்ரை இலை இண்டைக்குக் கொஞ்சம் ஈரம்.”

ஹவானாச் சுருட்டுக்காரர் ஈரங்காக்கும் பெட்டியென்று பெரும் பொருள் செலவிட்டு வாங்கிவைத்துக் காப்பாற்றுவதும் இந்தப் பதத்தையேயன்றி வேறெதை? இங்கே அந்தப் பெட்டியின் வேலையை ஒரு சாக்கும் ஒரு செம்பு தண்ணீரும் செய்துவிடுகின்றன.

என் சட்டைப்பையிலிருந்த கருவியைக் கொடுத்தேன். அலகை நகத்திலே தொட்டுப் பார்த்து, “நல்ல உருக்கு” என்று சான்று கொடுத்துவிட்டு, தடித்த சுருட்டொன்றை அதன் துளையில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. மெல்லிய சுருட்டொன்றை நுழைத்து அழுத்தியபோது வெட்டு அற்புதமாக விழுந்தது, கண்ணாடிபோல் வழவழப்பான முகம். ஆனால் பசை தொட்ட விளிம்பும் அந்த வெட்டிலேயே போய்விட்டதால் மேலிலை மெல்ல அவிழத் தொடங்கிற்று. மூடியை மட்டும் அறுப்பதற்காகப் பிறந்த கருவிக்கு, மூடியில்லாத சுருட்டில் வேலை இல்லை. அவர் சிரித்துக்கொண்டே விளிம்பிற் பசை தொட்டு மீண்டும் ஒட்டி வைத்தார். இளையவர் அதன் விலை என்னவென்று விசாரித்தார். எனக்குத் தெரிந்த அளவிற் சொன்னேன். அதற்குப்பின் அதை ஒருவரும் தொடவில்லை.

ஹவானாவுக்கும் நமக்கும் வேறோர் உறவு உண்டு. 1865இல் எல் பிகாரோ என்ற தொழிற்சாலையிலே, கைகள் சுருட்டுச் சுற்ற ஒருவர் உரத்து வாசிக்கும் வழக்கம் தொடங்கியதாகச் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்துக் கொட்டில்களிலும் பத்திரிகையும் தொடர்கதையும் உரத்து வாசிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. எழுத்தறியாதவர்கூட உலக அரசியலைத் தர்க்கித்த சபைகள் அவை. நான் போன கொட்டிலில் கைத்தொலைபேசியொன்று பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. வாசிப்பவருக்குக் கொடுக்கப் பணமுமில்லை, கேட்பதற்கு ஆட்களுமில்லை.

ஆட்கள் ஏன் இல்லை என்பதற்கு விசேஷ ஆராய்ச்சி வேண்டியதில்லை. தென்னிலங்கையின் ஊர்கள்தோறும் யாழ்ப்பாணத்தவர் வைத்திருந்த சுருட்டுக்கடைகளே இந்தத் தொழிலின் உயிர்நாடி; 1983 கலவரத்தின்பின் அவற்றிற் பல மீளவில்லை. யுத்தகாலத்தில் ஏ-9 பாதை அடைபட்டுத் திறந்து மீண்டும் அடைபட்டபோது, தெற்கே போகவேண்டிய சரக்கும் அந்தரத்தில் நின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுத்தது. அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொட்டிலிற் கேட்ட இருமலே அதற்குப் போதிய சாட்சி. ஆயினும் வேறு தொழில் அறியாத அறுபது வயதுக் கைக்கு எந்தச் சட்டமும் மாற்று வழியொன்றைக் காட்டியதாகத் தெரியவில்லை.

புறப்படும்போது மூத்தவருடைய பலகையை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். அளவுக் கோட்டுக்குச் சற்று வெளியே, அழுக்கேறி மங்கிய வேறொரு கோடு கிடந்தது. அது எதற்கென்று கேட்டேன்.

“அது பழைய நீளம். இலை விலை ஏறிப்போச்சு, முதலாளி கோட்டைக் கொஞ்சம் உள்ளுக்குக் கீறச் சொல்லிப்போட்டார். சுருட்டு விலை ஏறேல்லை எண்டு சனத்துக்குச் சந்தோஷம்.”